அண்ணனின் கல்லீரல் படங்கள்

1

பெர்த் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் வேலை எனக்கு. டாக்டர் அல்ல. வருகிறவரைப் படுக்க வைப்பேன், காதுக்கு அடைப்பான் கொடுப்பேன், ஊசி வழியாக மருந்து சரியாகப் போகிறதா என்று பார்ப்பேன், படம் எடுத்து அனுப்பிவைப்பேன். படத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. "படங்களை டாக்டர் பார்த்துவிட்டு உங்களிடம் பேசுவார்" என்ற வாக்கியத்தை ஆஸ்திரேலியாவுக்கு வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் நான் தடுமாறாமல் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

போன வாரம் ஒரு பெண்மணி வந்தார். அவரை அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிய குறிப்பில் நோயின் பெயர் இருக்கும் இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். எபிதீலியாய்ட் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா. கல்லீரலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் உட்சுவரிலிருந்து கிளம்புகிற ஒரு கட்டி. மிக அபூர்வம். எங்கள் துறையில் ஆயுள் முழுக்க உழைத்துவிட்டு, இதை ஒரு முறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுப் போனவர்கள் நிறையப் பேர். வேலையில் இந்தப் பெயரை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

ஊசி குத்தும்போது அவர் கேட்டார்: "இந்த வியாதி உள்ளவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் போகிற இடத்தில் எல்லாம் நர்சுகள் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்."

"ஒருவரைத் தெரியும்" என்றேன்.

"எப்படி இருக்கிறார்?"

விதிப்படி நான் பேச்சை அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "நன்றாக இருக்கிறார். விவசாயம் செய்கிறார்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லது" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒருவர் என் அண்ணன். அதே வாரம் அவருக்கும் சென்னையில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். முடிவு அன்றுவரை எங்களுக்கு வந்திருக்கவில்லை. நான் சொன்னது உண்மைதானா என்று எனக்கே தெரியாத ஒரு நாளில் அதைச் சொன்னேன்.

2

அண்ணன் பெயர் ஏழுமலை. விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போர்வெல் தண்ணீர் பாய்கிற நிலம். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. அவருக்கு உடம்புக்கு வந்து இது நான்காவது வருடம். அறுவடை முடிந்த கையோடு வலது விலாவுக்கு அடியில் ஒரு வலி. பித்தப்பையில் கல்லாக இருக்கும் என்று நினைத்து விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. கல்லீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. அடுத்து சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். 'வேறு எங்கிருந்தோ பரவி வந்த புற்றுநோயாக இருக்கலாம், மூலத்தைத் தேடவும்' என்று அறிக்கை வந்தது.

தேடினார்கள். வாய் வழியாக ஒரு குழாய், அடி வழியாக ஒரு குழாய். இரைப்பை சுத்தம், குடல் சுத்தம். மூலம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பரவிவிட்டது என்ற சொல் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் அந்தச் சொல்லுக்குக் கால் முளைத்துவிட்டது. செஞ்சியிலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்தார்கள். அண்ணனைப் பார்த்து அழுதார்கள். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, காலையில் மோட்டார் போட எழுந்து போய்க்கொண்டிருந்த மனிதரை எதிரில் உட்காரவைத்து அழுதார்கள்.

எனக்கு இதெல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும். என்னிடம் 'அண்ணனுக்கு உடம்பு சரியில்லை' என்றுதான் சொல்லியிருந்தார்கள். தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் செய்தியைப் பாதியாக வெட்டித்தான் அனுப்புவார்கள். முழுதாகச் சொன்னது அண்ணன் மகள் பவித்ரா. அப்போது திண்டிவனத்தில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, வேலைல இருக்கீங்களா? பேசலாமா?"

"பேசு பாப்பா."

"அப்பாவுக்கு ஆறு மாசம்தான்னு அம்மா சொல்லிக்கினு இருக்குது. அதுக்குள்ள எனக்குக் கல்யாணத்த முடிச்சிடணுமாம். ஓமந்தூர்ல மாப்பிள்ள. தை மாசம் தேதி கூட பாத்துட்டாங்க. காலேஜுக்கு இனிமே போவ வேணாம்னு சொல்லிட்டாங்க."

மூச்சு விடாமல் தொடர்ந்தாள்.

"மாப்பிள்ள புடிக்கலன்னு இல்ல அத்தே. அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு எத்தினி நாளுன்னு யாரோ ஒரு கணக்கு சொல்லிட்டாங்க. அத வச்சி என் படிப்ப நிறுத்துறாங்க. அந்தக் கணக்கு சரியான்னு மட்டும் பாத்து சொல்லுங்க. சரின்னா நான் ஒண்ணும் பேசல, கட்டிக்கிறேன்."

"படத்த அனுப்பு" என்றேன்.

3

முதலில் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் எடுத்து அனுப்பினாள். ஃபிலிமுக்குப் பின்னால் வேப்பமரம் தெரிந்தது. அப்புறம் ஸ்கேன் சென்டரில் சண்டை போட்டு, படங்கள் பதிந்த குறுந்தகடு வாங்கி, கல்லூரிக் கம்ப்யூட்டரிலிருந்து முழுப் படங்களையும் ஏற்றிவிட்டாள்.

அந்த நோயை நான் அடையாளம் கண்டுகொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. ஏதோ பொருந்தவில்லை என்று மட்டும் தோன்றியது. பரவி வரும் புற்றுநோய் கல்லீரலில் எங்கே வேண்டுமானாலும் விழும். அண்ணனுடைய புள்ளிகள் பெரும்பாலும் விளிம்பை ஒட்டியே இருந்தன. கட்டி இருக்கும் இடத்தில் கல்லீரலின் மேல் உறை புடைத்துக்கொண்டு நிற்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே அது உள்பக்கமாக இழுபட்டு, குழி விழுந்திருந்தது.

எங்கள் பிரிவில் மார்கரெட் என்று ஒரு டாக்டர் இருக்கிறார். கல்லீரல் படங்களைப் படித்துச் சொல்வதில் தேர்ந்தவர். அவரிடம் காட்ட வேண்டும் என்றால் படங்களை மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அனுமதி கேட்டு எழுதினேன். இங்கே பதிவு பெறாத நோயாளியின் படங்களை ஏற்ற இயலாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். வேறொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து, 'குடும்பக் கவலைகளால் பணியில் மன அழுத்தம் இருந்தால் பேசுவதற்கு' என்று ஒரு தொலைபேசி எண் வந்தது. யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. எல்லோரும் மிக அன்பாகக் கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில், விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, மார்கரெட்டே ஒரு மதியம், "உன் கார் எங்கே நிற்கிறது?" என்று கேட்டார். வெயில் கொளுத்தும் கார் நிறுத்துமிடத்தில், என் காரின் முன் இருக்கையில், என் சொந்த மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனின் கல்லீரலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மதியத்துக்குக் கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பிரிக்கவே இல்லை.

"எதையும் எழுதித் தர மாட்டேன்" என்றார். "வாயால் சொல்கிறேன்." ஓர் இடத்தில் விரலை வைத்தார். ரத்தக் குழாய் ஒன்று கட்டியின் விளிம்புவரை வந்து, மெலிந்து, அங்கேயே நின்றுபோயிருந்தது. "பார், குச்சி மிட்டாய் மாதிரி இருக்கிறது. இது பரவி வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரத்தக் குழாயிலிருந்தே கிளம்பியதாக இருக்கலாம். அதில் ஆபத்தில்லாத வகை ஒன்று உண்டு. மருந்து ஏற்றினால் ஓரத்திலிருந்து மெதுவாக நடுவுக்கு நிறையும். இது அதுவும் இல்லை. ஆளைச் சீக்கிரமாகக் கொல்லும் வகை ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது."

"நடுவில் என்றால்?"

"நடுவில்தான். சிலருக்கு வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும். சிலருக்கு ஓட ஆரம்பிக்கும். யாருக்கு எது என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல். சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல். அதற்கு முன்னால் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம்."

4

எம்.ஆர்.ஐ.யில் கல்லீரலைத் தெளிவாக எடுப்பது படம் எடுக்கிறவர் கையில் பாதி, படுத்திருக்கிறவர் மூச்சில் பாதி. மூச்சு விட்டால் ஈரல் மேலும் கீழும் போகும், படம் கலங்கிவிடும். இங்கே வந்த புதிதில் ஒரு முதியவரிடம், நம் ஊரில் 'மூச்சை நிறுத்துங்க' என்போமே, அதை அப்படியே ஆங்கிலமாக்கி 'ஸ்டாப் ப்ரீதிங்' என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். அவர் கையில் கொடுத்திருந்த அவசர மணியை அழுத்திவிட்டார். வெளியே எடுத்ததும், "அம்மா, நான் இங்கே வந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்" என்றார். உடன் வேலை பார்ப்பவர்கள் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அண்ணனுக்குச் சென்னையில் எம்.ஆர்.ஐ.க்கு நாள் கிடைத்தது. அதற்கு முன் மூச்சுப் பிடிக்க நானே போனில் பழக்கிவிட்டேன். இங்கே சாயங்காலம், அங்கே மதியம். மோட்டார் கொட்டகை நிழலில் அவர் உட்கார்ந்திருப்பார்.

"மூச்ச நல்லா வெளிய வுடு ண்ணா. வுட்டுட்டு அப்பிடியே நில்லு. உள்ள இழுக்காத."

"இழுத்துக்கினு புடிக்கிறதுதான ஈஸி? கெணத்துல முங்கறப்ப இழுத்துக்கினுதான முங்குறேன்?"

"ஈஸிதான். ஆனா ஒவ்வொரு வாட்டியும் ஈரல் ஒரே எடத்துல நிக்கணும். வெளிய வுட்டாத்தான் அது நிக்கும்."

"இது இன்னாம்மா பேஜாரு. காத்தே இல்லாம கெடக்கணுமா?"

என் மகள் இனியா அப்போது எட்டாம் வகுப்பு. அதுவரை மாமாவிடம் அவள் பேசியதெல்லாம் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் இரண்டு வார்த்தைதான். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. வராது என்பதைவிட, பேசினால் நாங்கள் திருத்துவோம் என்று பேசுவதையே விட்டுவிட்டாள். அவள் அப்பாவுக்கு வடக்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். என் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. வீட்டில் தமிழ் ஒலிக்கும் நேரமே குறைவு. அவளை நான் பள்ளியிடம் கொடுத்துவிட்டேன் என்று சில நாள் தோன்றும்.

அன்றைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் எண்ணட்டுமா?" என்று கேட்டாள். மாமா மூச்சை விட்டு நிறுத்த, இவள் ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணினாள். ஒன்பது, பத்து வரை சரியாக வந்தது. அடுத்து, "பத்தொன்று, பத்திரண்டு" என்றாள்.

அந்தப் பக்கம் அண்ணன் குபீரென்று சிரித்துவிட்டார். "போச்சு! எல்லா மூச்சும் போச்சு. கண்ணு, நீ எண்ணுனா மாமனால புடிக்க முடியாது!"

இவள் முகம் சிவந்து எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று கற்றுக்கொண்டு மறுபடி எண்ணினாள். அந்த வாரம் முழுக்க தினமும் எண்ணினாள். சென்னையில் எடுத்த படங்கள் ஒன்றுகூடக் கலங்காமல் வந்தன.

5

படங்கள் மார்கரெட் சொன்ன பக்கமே போயின. சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார்கள் சென்னை டாக்டர்கள். வீட்டில் அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணி பெயர் செல்வி. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் நம்பினார். அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"ரத்தக் கட்டின்றாங்க. குத்தி ரத்தம் நிக்காம போச்சுன்னா?"

"போவலாம் ண்ணா. அப்படி ஆவுறது கம்மிதான். ஆனா ஆவவே ஆவாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப எதுக்குக் குத்திக்கணும்?"

"பேரு தெரியணும்."

"பேரு தெரிஞ்சா சரியாப் பூடுமா?"

"தெரியல ண்ணா."

அவருக்குப் பின்னால் யாரோ மாட்டை அதட்டுவது கேட்டது. "உன்னாண்ட கேட்டா எல்லாத்துக்கும் தெரியல தெரியலன்ற. மத்தவங்கல்லாம் எவ்ளோ தெளிவா சொல்றாங்க தெரியுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "சரி, பாப்பாவுக்காகக் குத்திக்கிறேன்" என்றார்.

ரத்தம் நின்றது. சதையில் மேற்கொண்டு சில சோதனைகள் செய்ய வேண்டும் என்று காக்க வைத்தார்கள். முடிவு சொன்ன அன்று அண்ணன், அண்ணி, பவித்ரா மூவரும் டாக்டர் அறையில் இருந்தார்கள். பவித்ரா போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். டாக்டர் நிதானமாகப் பேசினார்.

"இது வேற எங்கருந்தும் பரவி வந்ததில்ல. ஈரல்லயே ரத்தக் குழாய்லருந்து வந்தது. கேன்சர்தான், அத மறைக்கல. ஆனா ரொம்ப அபூர்வமான கேன்சர். சில பேருக்குப் பல வருஷம் அப்படியே இருக்கும். நிறைய எடத்துல இருக்கறதால வெட்டி எடுக்க முடியாது. இப்போதைக்கு மருந்தும் வேணாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ படம் எடுத்துப் பாப்போம். வளந்துச்சுன்னா ஈரல் மாத்தறதப் பத்திப் பேசுவோம்."

"அப்ப ஆறு மாசம்தான்னு சொன்னது?" அண்ணியின் குரல்.

"அத யாரும்மா சொன்னது?"

யாருக்கும் தெரியவில்லை. முதலில் பார்த்த டாக்டர்கள் யாரும் மாதக் கணக்கு எதுவும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பார்க்க வந்த யாரோ, தன் வீட்டில் யாருக்கோ நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அது இந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

6

கல்யாணத்தை நிறுத்தியது நானில்லை, பவித்ராவும் இல்லை. ஒரு காலையில் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திண்டிவனம் போய், அங்கிருந்து ஓமந்தூர் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் அண்ணியின் பெரியம்மா வழி உறவு. அங்கே நடந்ததை அண்ணனே பிறகு எனக்குச் சொன்னார்.

"சம்பந்தி, நான் செத்துப் பூடுவேன்னுதான் அவசரப்பட்டேன். இப்ப எப்பன்னு தெரியாதுன்னு சொல்லிட்டாங்க. பொண்ணு படிக்கணும்ன்றா. படிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாராம்.

மாப்பிள்ளையின் அப்பா, "தெரியாதுன்றத நம்பிக்கினா தேதி வச்ச கல்யாணத்த நிறுத்துற? நாளைக்கே உனக்கு எதனா ஒண்ணு ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆவட்டும். அப்பவும் அவ படிச்சவளா இருப்பா."

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. சாப்பிடவும் யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளைப் பையன்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பஸ் நிற்கும் இடத்தில் விட்டான். இறங்கியதும், "ரெண்டு வருசம்னா நான் காத்துக்கினு இருப்பேன் மாமா. எங்க அப்பாதான் ஒத்துக்க மாட்டாரு" என்றானாம்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதே தை மாதம் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. "அவன நெனச்சாத்தான் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆவுது" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார்.

பவித்ரா மறுபடி கல்லூரிக்குப் போனாள். அண்ணி என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

7

அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். இனியாவுக்குப் பள்ளி முகாம் இருந்தது, வரவில்லை என்றுவிட்டாள். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டும்போதே அண்ணன் போன் செய்து, விழுப்புரத்தில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார், நான் அந்த ஊருக்குப் புதிது என்பது போல. வண்டியோடு வந்து நின்றார். என் பெட்டியை அவர்தான் தூக்கினார். நான் தடுக்கப் போனதும், "எல்லாரும் இப்பிடியே பண்றீங்க. கையில இன்னா வியாதி?" என்றார்.

ஊரில் அவரைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தது. அழுதுவிட்டுப் போனவர்களுக்கு அவர் நடமாடுவது ஒரு சங்கடம். டீக்கடையில் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "கேன்சருன்னாங்க, மல்லாட்ட மூட்டையத் தூக்கிக்கினு போறாரு. எல்லாம் இந்த ஸ்கேன்காரங்க பண்ற வேல."

அண்ணி எனக்குச் சோறு போட்டார், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார். முகம் பார்த்துப் பேசவில்லை. பெர்த்துக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மதியம், விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து உரித்தேன். குவியல் பாதி குறைந்தபோது நான்தான் ஆரம்பித்தேன்.

"அண்ணி, எம்மேல கோவம்னா திட்டிடுங்க."

"உன்னைத் திட்டி இன்னா ஆவப்போவுது?" என்றார். கை நிற்கவில்லை. "நீ அங்கருந்து படத்த பாத்த. தெரியாதுன்னு சொன்ன. உன் வேல முடிஞ்சிபோச்சு. அந்தத் தெரியாததோட தெனமும் படுத்து எழுந்திரிக்கிறது நானு. அவரு லேசா இருமுனா எழுந்து போயி பாக்குறேன். சோத்த ஒரு பிடி மிச்சம் வச்சா அந்தத் தட்டையே பாத்துக்கினு நிக்கிறேன். ஆறு மாசம்னு இருந்தா அழுது தீத்திருப்பேன். இத எப்பிடித் தீக்குறது?"

அடுத்த பிடியை அள்ளிக்கொண்டே தொடர்ந்தார்.

"எங்க அப்பா நான் வயசுக்கு வந்த வருசமே செத்துட்டாரு. தகப்பன் இல்லாத பொண்ணுன்னு எத்தினி பேரு வந்து பாத்துட்டு எழுந்து போனாங்க தெரியுமா? உங்க அண்ணன் ஒருத்தர்தான் உக்காந்தாரு. அது பாப்பாவுக்கு வரக்கூடாதுன்னுதான் அடிச்சிக்கினேன். படிப்பக் கெடுக்கணும்னு எனக்கு இன்னா ஆச?"

நான் அவர் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டு, "உரி, உரி. சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்" என்றார். ஆனால் அன்று ராத்திரி சோறு போடும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று.

8

அதற்குப் பிறகு எடுத்த படங்களில் எல்லாம் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு முறையும் பவித்ரா அனுப்புவாள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கல்லீரலை ஒவ்வொரு வெட்டாக இருவரும் போனில் ஒன்றாக நகர்த்திப் பார்ப்போம். அவள் எம்.எஸ்சி. முடித்தாள். இப்போது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள்.

பேருந்து ஓட்டும் அந்தப் பெண்மணியைப் பார்த்த வாரம், படங்களை அனுப்புவதற்கு முன்பே பவித்ரா கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்தது.

"அத்தே, எடது பக்கம் இருந்த ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்கினு இருக்குது. கீழ புதுசா ஒண்ணு. நான் பாத்தது சரிதானான்னு பாருங்க."

பார்த்தேன். சரிதான். வேலையிடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லாமல் அடக்கிக்கொண்டதை என் அண்ணன் மகளிடம் சொன்னேன்: "ஆமாம் பாப்பா. வளந்திருக்குது."

டாக்டரும் அதையே சொன்னார். ஈரல் மாற்றும் பேச்சை இனித் தள்ளிப்போட வேண்டாம், குடும்பத்தில் யாராவது ஒருவர் ஒரு பகுதியைக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போனில் சேர்ந்தோம். அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நானும், சாப்பாட்டு மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த இனியாவும். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன்.

பவித்ராதான் ஆரம்பித்தாள். "நான் குடுக்குறேன் ப்பா. சின்ன வயசுக்காரங்களுக்கு ஈரல் ஜல்தியா வளந்துடுமாம்."

"சும்மா இரு. பெத்த புள்ள வயித்தக் கிழிச்சி நான் உசுரோட இருக்கணுமா? அந்தப் பேச்சே வேணாம்."

"அப்ப நான் வர்றேன் ண்ணா" என்றேன். "எனக்குச் சோதன பண்ணட்டும். லீவு சொல்லிடுறேன்."

"நீ குடும்பத்த வுட்டுட்டு இங்க வந்து படுப்பியா? யாரும் எதுவும் குடுக்க வேணாம். இந்த மல்லாட்டைய எடுத்துட்டு அப்புறம் பாக்கலாம்."

அப்போது அண்ணி பேசினார். அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையே நான் அதுவரை மறந்திருந்தேன்.

"நான் குடுக்குறேன்."

"ஏய், உனுக்கு இன்னா தெரியும்..."

"எனக்குத் தெரியும். பாப்பாவ அழைச்சிக்கினு போயி அந்த டாக்டராண்ட கேட்டுக்கினுதான் வந்தேன். உங்க ரத்த குரூப்பும் என் குரூப்பும் ஒண்ணுதான், பாப்பா பொறந்தப்பவே பாத்தது. வர்ற வாரம் எனக்கு டெஸ்ட்டு. சேருதோ சேரலையோ அது அவங்க பாத்து சொல்லட்டும். நீங்க வேணாம்னு சொல்றதுக்கு இது உங்க ஈரலு இல்ல. என்னுது."

பவித்ரா மூக்கை உறிஞ்சுவது கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அண்ணனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அது நீண்டுகொண்டே போனது.

இனியாவுக்குப் பேச்சு முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். பேனாவை வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்து, இங்கே எல்லோரும் போனில் 'ஆர் யூ ஸ்டில் தேர்?' என்று கேட்பதை அப்படியே தமிழாக்கி, தெளிவாகக் கேட்டாள்.

"மாமா, இன்னும் இருக்கீங்களா?"

நான் அவள் கையைப் பற்றினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்று தேடுகிற பார்வை. அந்தப் பக்கம் முதலில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு அண்ணனின் குரல், கரகரத்து, மெதுவாக:

"இருக்கேன் கண்ணு. இன்னும் இருக்கேன்."

இனியா ஒன்றும் சொல்லாமல் போனிலிருந்து தலையை எடுக்கப் போனாள். அதற்குள் அண்ணி, அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரலில் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு நிறுத்திட்ட? பேசு. உன் மாமாகிட்ட பேசிக்கினே இரு."